எதிர்காற்று

பத்து நாள் விடுமுறையில் ஒரு நாளைக்கூட மாமியார் ஊருக்குத் தாரைவார்ப்பதில்லை என்று பிழைதிருத்துநர் சபதம் எடுத்தார்.

அச்சகத்தில் இருபது வருடமாக ஒற்றுப்பிழை பொறுக்குபவர். வீட்டிலும் கை சும்மா இருக்காது. சலவைச் சீட்டில் சந்திப்பிழை கண்டால் பேனா எடுப்பார். சமையலறையில் ஒரு சின்னக் கடிகாரம் தறிகெட்டு முந்தி ஓடும். அதையும் மாதம் ஒருமுறை திருத்திவைப்பார். மறுநாளே அது பழையபடி முந்தியிருக்கும். இடத்தின் ராசி, அதற்கும் பிடிவாதம் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

"ஏங்க, அம்மா ஊருக்கு ஃபிளைட்டுல எவ்வளவு நேரம்?" என்றாள் மனைவி.

இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று கணினி சொன்னது. அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடி, விமான அட்டவணையைத் திறந்தார்.

"நீயே பாரு. காலையில ஒம்பதுக்குக் கிளம்புது. போய்ச் சேர மத்தியானம் ரெண்டரை."

அந்த இரண்டரை, கடல் கடந்த அந்த ஊரின் மணி என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். பொய் இல்லை, ஓர் அடிக்குறிப்பு விடுபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

"அஞ்சரை மணி நேரமா!"

"முழுசா. உன் இடுப்பு தாங்குமா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள். அவர் மறைக்க மறந்த வரி.

"திரும்பி வர்றப்ப ஒம்பதுக்குக் கிளம்பி ஒம்பதரைக்கே வந்துடுதே? அரை மணிதானா?"

"அது வந்து... காத்து. போறப்ப எதிர்காத்து. வர்றப்ப பின்னாலேருந்து தள்ளிவிடும்."

"அடேயப்பா! தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"இருபது வருஷத்துல நான் ஒரு பிழை விட்டிருக்கேனா?"

"சரி, அப்ப நாம போக வேண்டாம்."

இவ்வளவு சுலபமா! பத்து நாளும் சாய்வு நாற்காலி, மடியில் பழைய அகராதி, வரிக்கு வரி பிழைவேட்டை. மனிதர் அன்று முழுக்கக் காற்றில் மிதந்தார்.

மறுநாள் காலை மனைவி போனும் கையுமாக வந்தாள்.

"அம்மாகிட்ட பேசிட்டேங்க. இங்க வர அரை மணிதானே, கிளம்பி வாங்கன்னேன். நாளைக்கு வர்றாங்க."

"எ... எத்தனை நாளைக்கு?"

"திரும்பிப் போறதுதான் கஷ்டம். அஞ்சரை மணி, எதிர்காத்து வேற. காத்து திரும்பற வரைக்கும் இருங்கன்னு சொல்லிட்டேன்."

காற்று எப்போது திரும்பும்? அவரே கிளப்பிவிட்ட காற்று, அவருக்கே தெரியவில்லை.

"அதுல ஒரு சின்னப் பிழை," என்றார் ஈனஸ்வரத்தில். "போனாலும் வந்தாலும் மூணு மணிதான். உங்க அம்மா ஊர்ல மணி நமக்கு ரெண்டரை மணி முன்னாடி."

"தெரியுமே!" சமையலறைச் சுவரைக் காட்டினாள். "அம்மாகிட்ட பேச நேரம் பார்க்கத்தானே அந்தச் சின்னக் கடிகாரத்தை மாட்டியிருக்கேன்? மாசாமாசம் நீங்க திருத்தறதை மறுபடி திருத்தியே என் கை ஓஞ்சுபோச்சு."

பிழைதிருத்துநர் அந்தக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நாளையிலேருந்து இஷ்டம்போல திருத்திக்குங்க. அம்மாதான் இங்கேயே இருக்கப்போறாங்களே!"