வேறுபாடு: இல்லை

தரம் என்பது மிகவும் முக்கியமானது. இந்த உண்மை தாம்பரம் மகளிர் நல ஆய்வுக்கூடத்தாருக்கு 1994-ஆம் வருஷம் பிப்ரவரி ஏழாம் தேதி தபாலில் வந்தது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் இது தெரியாமலே வேலை பார்த்துவிட்டார்கள், பாவம்.

அங்கே நடந்த வேலை சுலபமானதுதான். சுற்றுவட்டாரத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து துளி எடுத்து, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, புற்றுநோய்க்கு அறிகுறி உண்டா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பார்ப்பவர் துரைராஜ். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிக்குள் அறுபது ஸ்லைடு முடிப்பார். அறுபதும் நார்மல். அப்படி ஒரு ஆரோக்கியமான வட்டாரம்!

வந்த சுற்றறிக்கை சொன்னது இது: நார்மல் என்று சொன்ன ஸ்லைடுகளில் நூற்றுக்குப் பத்தை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு முடிவும் ஒத்துவராவிட்டால் 'வேறுபாடு' என்ற கட்டத்தில் குறிக்க வேண்டும். எந்தக் கூடத்தில் வேறுபாடே இல்லையோ அதற்கு மார்ச் இருபத்தெட்டாம் தேதி தரக் கேடயம்.

மறுபார்வை வேலை செல்வமேரியின் தலையில் விழுந்தது. வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கண் நல்ல கண், வாய்தான் கொஞ்சம் நீளம். துரைராஜ் அவளுக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"முதல்ல ரிஜிஸ்டரைப் பாரும்மா. அதுல நார்மல்னு இருக்கும். அப்புறம் ஸ்லைடைப் பாரு. அதுவும் நார்மலாத்தான் இருக்கும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஐந்து வாரத்தில் நூற்றுப்பன்னிரண்டு ஸ்லைடு மறுபார்வை, வேறுபாடு இல்லை. இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் இருந்திருக்காது. கெடுத்தது பிரவுன் பேப்பர்.

ஆய்வுக் குழு வரப்போகிறது என்று ரிஜிஸ்டருக்குப் பிரவுன் பேப்பர் அட்டை போடக் கொண்டுபோய்விட்டார்கள். பசை காய வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும், லேபிளில் முத்து முத்தாக எழுத வேண்டும். மூன்று நாள் ரிஜிஸ்டர் இல்லை. செல்வமேரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அது வராது. ரிஜிஸ்டர் இல்லாமலே ஸ்லைடுகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நல்ல செல் என்பது நடுவில் ஒரு மிளகு ஒட்டிய அப்பளம் மாதிரி இருக்கும். 417-ஆம் ஸ்லைடில் மிளகு இருக்க வேண்டிய இடத்தில் கொட்டைப்பாக்கு இருந்தது. ஒன்று இரண்டல்ல, கும்பல் கும்பலாக. கறுத்து, பெருத்து, கோணலும் மாணலுமாக. செல்வமேரி சீட்டு நகல்களில் நம்பரைத் தேடினாள்: கன்னியம்மா, வயது நாற்பத்திரண்டு, படப்பை. டிசம்பரிலேயே நார்மல் என்று சீட்டு கொடுத்து அனுப்பியாகிவிட்டது.

"அடடா, ரிஜிஸ்டர் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் துரைராஜ். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

விஷயம் தர அலுவலர் ஸ்ரீநிவாசனிடம் போனது. ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவரைச் சுற்றறிக்கை வந்த அன்றுதான் தர அலுவலராக்கியிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு ஸ்லைடைப் பார்த்த?"

"மறுபார்வை டியூட்டி எனக்குத்தானே சார்."

"மறுபார்வைன்னா என்ன? ஒருத்தர் பார்த்ததை மறுபடி பார்க்கிறது. துரைராஜ் என்ன பார்த்தார்?"

"நார்மல்னு பார்த்தார்."

"அப்ப நீ மறுபடி எதைப் பார்க்கணும்?"

"ஸ்லைடை சார்."

"நார்மலைம்மா, நார்மலை! உன்னைத் தரத்தைச் சோதிக்கச் சொன்னா, நீ ஸ்லைடைச் சோதிச்சிட்டு வந்து நிக்கிற."

பிறகு அவரே பெரிய மனசு பண்ணி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கறுப்பா, முடி முடியா ஏதோ தெரியுதே. இதைத்தான் சொல்றியா?"

"சார், அது உங்க இமை."

இந்தப் பதில் அவளுக்கு நல்லது செய்யவில்லை. ஸ்ரீநிவாசன் நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: ஸ்லைடு 417-ஐப் பற்றி மார்ச் இருபத்தெட்டுக்கு அப்புறம் பரிசீலிக்கலாம். அதுவரை வேறுபாடு இல்லை.

"சார், நாள் போகப் போக அது பரவும். இப்பவே ஆபரேஷன் பண்ணினா அந்தம்மா பிழைச்சுக்கும். புத்துநோய்க்கு நம்ம தேதியெல்லாம் தெரியுமா?"

"தெரியாதுதான். அதுக்காக நாம அவசரப்பட முடியுமா?"

மறுநாள் செல்வமேரியின் மேஜை மேல் ஒரு மெமோ இருந்தது. 'பதிவேடு இல்லாத நிலையில், தன்னிச்சையாக, நுண்ணோக்கியினுள் நோக்கியமைக்கு' மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டுமாம்.

விளக்கமாவது வெங்காயமாவது! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்ததும் படப்பை பஸ் பிடித்துவிட்டாள்.

கன்னியம்மா சந்தையில் கீரை விற்கிறவள். வாசலில் முளைக்கீரையைக் கட்டுக் கட்டாகக் கட்டி நனைந்த சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்வமேரி பக்குவமாக, பயமுறுத்தாமல் சொல்லிப் பார்த்தாள். கன்னியம்மா எழுந்து உள்ளே போய், அம்மன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆய்வுக்கூடத்துச் சீட்டு. லேமினேஷன் போட்டிருந்தது. அந்த வருஷம் படப்பையில் லேமினேஷன் கடை புதிதாக வந்திருந்தது. ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ஜாதகம் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்ட காலம்.

"பட்ச்சி பாரு. இன்னா போட்டுகீது?"

"நார்மல்னுதான் போட்டிருக்கு அக்கா. அது தப்பு."

"கவுர்மெண்ட்டு சீல் குத்தி குட்துகீது. நீ சொம்மா வந்து தப்புன்னு சொல்லிகினு!"

"சரிக்கா, உங்களுக்கு நடுநடுவுல ரத்தம் படுதா?"

கன்னியம்மா கீரைக்கட்டு ஒன்றை எடுத்து நாரை இறுக்கினாள்.

"பட்துகினுதான் கீது. மின்னாடி பயந்தேன். நார்மல்னு எய்திக் குட்தப்புறம் அத்த நான் கண்டுக்கறதில்ல."

செல்வமேரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எவ்வளவு கெஞ்சியும் கன்னியம்மா அசையவில்லை. கடைசியில், "பெரிய ஆபீசருங்கோ வராங்கன்னியே, அன்னிக்கி வரேன். அவுங்க வாயால சொல்ட்டும்," என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். வாசலில் கோலம், உள்ளே கேசரி. குழுவின் தலைவி டாக்டர் சரோஜினி பிரவுன் அட்டையைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். பக்கங்களைப் புரட்டினார். வேறுபாடு: இல்லை, இல்லை, இல்லை. அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா தன் சீட்டோடு வந்து நின்றாள். சீட்டு பளபளத்தது.

"நோயாளிகளே நம்ம ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி வச்சிருக்காங்களா! நான் எங்கேயும் இதைப் பார்த்ததில்லை!" என்றார் டாக்டர் சரோஜினி. குழு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டது.

"மேடம், அந்த ரிப்போர்ட் தப்பு. ஸ்லைடு இங்கேயே இருக்கு, ஒரு தடவை பாருங்க," என்று செல்வமேரி முன்னே வந்தாள்.

டாக்டர் சரோஜினி ரிஜிஸ்டரைப் பார்த்தார். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா," என்றார் கனிவாக. கேடயம் வழங்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தை ஸ்ரீநிவாசனும் மறுபக்கத்தைக் கன்னியம்மாவும் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள்.

முடிந்தது கதை என்று செல்வமேரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"யம்மாடி, அத்தினி பேரு வந்தாங்களே. ஒர்த்தர்கூட அந்தக் கண்ணாடிய பாக்கலியே?"

"இல்லக்கா."

"அட்டைய தடவி தடவிப் பாத்தாங்கோ. கீரக்கட்ட பிரிக்காத வாங்கறவனுக்கு உள்ள இன்னா கீதுன்னு எப்டி தெரியும்? நானே அய்கிப்போனத உள்ள வெச்சிக் கட்றவதான்." இடுப்பில் முந்தானையைச் செருகினாள். "ஏந்திரு, போலாம்."

செல்வமேரி 417-ஐ ஒரு சோப்பு டப்பாவில் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் மின்சார ரயிலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்கவில்லை. ஸ்லைடைத்தான் பார்த்தார். பத்து நாளில் ஆபரேஷன். "நல்ல வேளை, இன்னும் ஆறு மாசம் போயிருந்தா கஷ்டம்," என்று அவர் சொன்னதைக் கேட்டுக் கன்னியம்மா அந்த லேமினேஷன் சீட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள். அது மடங்கக்கூட இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. ஸ்ரீநிவாசன் அதை 'நன்றிக் கடிதங்கள்' என்ற கோப்பில் வைத்தார். இனி இப்படி ஒரு தவறு நடக்கக் கூடாது என்று புது உத்தரவும் போட்டார். ரிஜிஸ்டர் எக்காரணம் கொண்டும் மைக்ராஸ்கோப் மேஜையை விட்டு அகலக் கூடாது. அட்டை போடுவதானாலும் அங்கேயேதான் போட வேண்டும். ஸ்லைடை வெளியே கொண்டுபோனதற்காகச் செல்வமேரிக்கு இரண்டாவது மெமோ.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. முதலில் துரைராஜ் வந்தார். சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு ஸ்லைடை எடுத்தார். "என் தங்கச்சியோடதும்மா. நான்தான் நார்மல்னு எழுதினேன். நீ ஒரு தடவை பார்த்துடேன்." அப்புறம் டைப்பிஸ்ட், அப்புறம் ஸ்டோர்ஸ்காரர். சாப்பாட்டு இடைவேளையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒருத்தர் பின் ஒருத்தராக. வரிசையில் இல்லாதவர்கள் படப்பை, பொத்தேரி, கேளம்பாக்கத்துப் பெண்கள் மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீநிவாசன் கூப்பிட்டனுப்பினார். செல்வமேரி மூன்றாவது மெமோ என்று நினைத்துக்கொண்டு போனாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கேடயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சரி சார், இப்பவே பார்த்துடறேன்," என்றாள் செல்வமேரி. புது உத்தரவு ஞாபகம் வந்தது. "ரிஜிஸ்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தானே பார்க்கணும்?"

"ரிஜிஸ்டர் எதுக்கும்மா?" என்றார் தர அலுவலர். "இது என் வீட்டுக்காரியோட ஸ்லைடு."