மனசைக் கேட்டு வேலையை விட்டவர்

சம்பளத்துக்காக வேலை பார்ப்பவர்கள் உண்டு. பிடித்துப்போய் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாராலும் யாருக்கும் தொந்தரவு கிடையாது. மூன்றாவதாக ஒரு பிறவி இருக்கிறது. நல்ல சம்பளத்தை உதறிவிட்டுப் பிடித்த வேலைக்குப் போய், போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலையைச் செய்வதைவிட அதைப் பற்றிப் பேசுவதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்ட பிறவி. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்கிறீர்களா? இன்னும் அவர் கையில் நீங்கள் சிக்கவில்லை, அவ்வளவுதான்.

நம்மவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். விபத்தில் நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து, எவ்வளவு கொடுக்கலாம், எப்படிக் கொடுக்காமல் தப்பிக்கலாம் என்று முடிவு செய்யும் பிரிவு. கைநிறையச் சம்பளம். ஒருநாள் மனசைக் கேட்டாராம். அது மர நாற்காலி செய்யச் சொன்னதாம். அன்றிலிருந்து கார் நிறுத்தும் கொட்டகை பட்டறையாகிவிட்டது. கார் வெயிலில் நிற்கிறது. இந்த இரண்டு வருஷத்தில் நாலு நாற்காலிகள் பிறந்திருக்கின்றன. மூன்று வீட்டிலேயே இருக்கின்றன. நாலாவதை மைத்துனர் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு போய், அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்திருக்கிறார்.

ஆனால் நாற்காலியா முக்கியம்? கேள்விதான் முக்கியம். "நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?" இதைத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, டாக்டர் நாடி பார்க்கிற முகத்தோடு கேட்பார். தெருமுனையில் அகப்பட்ட எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டார். மீட்டர் பார்க்க வந்தவரிடம் கேட்டார். பல் பிடுங்கப்போன இடத்தில், மரத்துப்போன வாயை வைத்துக்கொண்டு பல் டாக்டரிடமே கேட்டார். டாக்டர் வலிக்கிறதென்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார்.

யாராவது, "ஏதோ இருக்கேங்க" என்று சொல்லித் தொலைத்தால் முடிந்தது கதை. வீட்டுக்கு அழைத்துப்போய் அந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் உட்காரவைத்து, அது ஆடுகிறதென்று விருந்தாளி காலை ஊன்றிக்கொள்வதற்குள், ராஜினாமாக் கதையை ஆரம்பித்துவிடுவார். நடந்தது என்னவோ சாதாரணம்: மேலாளர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "மேஜைச் சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்றார். சொல்லச் சொல்லக் கதையில் மேலாளர் எழுந்து நிற்க ஆரம்பித்தார். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் கண் கலங்கி, "உங்க தைரியம் எனக்கில்லையே" என்று சொல்கிறார். போகிற போக்கைப் பார்த்தால் காலில் விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். பழைய அலுவலக நண்பரை அவ்வப்போது தேநீர்க் கடைக்கு அழைப்பார். பணம் மட்டுமே வாழ்க்கை இல்லை என்று விளக்கிவிட்டு, கிளம்பும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார்:

"இந்த வருஷம் எவ்வளவு ஏத்தினாங்க?"

"எதுக்குங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

தெரிந்துகொண்டு, வீடு போய்ச் சேரும்வரை மனக்கணக்குப் போடுவார். தேநீருக்குக் காசு கொடுத்தவர் யார் என்கிறீர்களா? நண்பர்தான். நேரத்துக்கு அலுவலகம் திரும்ப வேண்டிய அவசரம் அவருக்குத்தானே.

அப்படியானால் குடும்பம் எப்படி ஓடியது? நல்ல கேள்வி. அவரை யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குத் தலைவி. விடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, இருட்டியதும் வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஒரு பெருமூச்சு விடுவார். அது நம்மவர் காதில் விழாது. பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் அப்படி.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்:

"நானும் மனசக் கேட்டுப் பாத்தேங்க."

நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு சிஷ்யை! "பேஷ்! என்ன சொல்லுச்சு?"

"வேலைய விட்டுடச் சொல்லுச்சு."

"எந்த வேலைய?"

"எனக்கு இருக்கறது ஒண்ணுதானே. ஞாயித்துக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போறேன்ல? அங்க சின்னப் பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்க ஆள் வேணுமாம். வாங்கறதுல மூணுல ஒரு பங்குதான் சம்பளம். ஆனா தண்ணிக்குள்ள இருக்கறப்பதான் எனக்கு மூச்சே வருது."

நம்மவர் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். தண்ணீர் குடித்தார். வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், ஓய்வுக்கால நிதி என்று, இரண்டு வருஷமாக அவர் வாயில் வராத சொற்களெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"இல்ல... பிடிச்சிருக்குன்னு எல்லாத்தையும் விட்டுட முடியுமா? மாசம் பொறந்தா சம்பளம்ங்கறது லேசான விஷயமா? நீச்சல இப்ப மாதிரி ஞாயித்துக்கிழமை வச்சுக்கயேன்."

"நாற்காலிய ஞாயித்துக்கிழமை வச்சுக்கங்கன்னு அன்னைக்கு நான் சொல்லலையே" என்றார் மனைவி. கோபமே இல்லை குரலில். அதுதான் பொறுக்க முடியவில்லை.

பத்தாவது படிக்கும் மகள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, அந்த மீட்டர்காரர்கிட்டகூட சந்தோஷமா இருக்கீங்களான்னு கேட்டீங்க. அம்மாவக் கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

கேட்டதில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுகூடப் பொய். பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. நம்மவருக்கு உண்மையாகவே வெட்கமாகிவிட்டது. இதுவரை கேலி செய்த நானும் இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன். மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே அவ்வளவு கறுப்பு எப்போது வந்தது?

"விட்டுடு" என்றார். தலையைச் சாய்க்க மறந்துபோய்.

மறுநாள் தேநீர்க் கடையில் நண்பரிடம் சந்தோஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆள் எடுக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே பிரிவு, அதே நசுங்கிய கார்கள், முன்பு அவரிடம் வேலை கற்றவர் இப்போது மேலதிகாரி. அந்தப் பழைய மேலாளர், கண் கலங்காமல், மேஜைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இப்போதெல்லாம் மனைவி மாலையில் ஈரத் தலையோடு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

நம்மவர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? உணவு இடைவேளையில் யாராவது தனியாக அகப்பட்டால், தலை மெல்லச் சாய்கிறது, குரல் தாழ்கிறது: "குடும்பத்துக்காக நீங்க எதையாவது விட்டுக்குடுத்திருக்கீங்களா?" தியாகக் கதை இப்போதுதான் வளர ஆரம்பித்திருக்கிறது, அடுத்த வருஷம் அதில் யாராவது அழுவார்கள்.

சிரிக்கிறீர்கள். இதைப் படித்துக் காட்ட வேண்டிய ஆள் யாரென்றுகூட முடிவு செய்துவிட்டீர்கள். படித்துக் காட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் சாயங்காலம் களைத்துப்போய் வந்து செருப்பைக் கழற்றுகிறவரிடம் ஒருமுறை அந்தப் பழைய கேள்வியை, "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்களேன். உடனே பதில் வந்தால் நல்லது. "எதுக்குத் திடீர்னு கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டால், கதையில் வருகிறவர் யாரென்று தேடி நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை.