கைக்குப் பின்னால் வந்த கோடு

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை, காலை பத்து மணி. பெக் தோ-சிக் மின்பலகையில் எழுதுகோலை இழுத்தால் கோடு உடனே திரையில் வருவதில்லை. அவர் கையை எடுத்து, மூக்கைச் சொறிந்து முடித்த பிறகே வந்தது. மூன்று நாள்களாக இதே அநியாயம். எவரும் இதற்குப் பொறுப்பேற்கவில்லை.

தோ-சிக், புச்சொன் நகரிலிருந்து கைப்பேசி வாசகர்களுக்கு வாரந்தோறும் சித்திரத்தொடர் வரைபவர். எண்பத்தேழாம் அத்தியாயம் அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு வாரங்கள் கெடுவைத் தவறவிட்டிருந்தார். மூன்றாவது முறை தவறினால் தொடரையே நிறுத்திவிடுவதாகப் பொறுப்பாசிரியை நம்குங் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்துவிடும் கெட்ட பழக்கம் அந்த அம்மையாருக்கு உண்டு.

"ஏங்க, காலங்காத்தால யாரைத் திட்டுறீங்க?" என்று மனைவி கியோங்-நான் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பேனாவை!"

"அது என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் திட்டுறேன்."

படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகள் மிகுந்தால் கணினி திணறும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. நூற்று நாற்பது அடுக்குகளையும் ஒன்றாக இணைத்தார். தளபதியின் மீசை, பின்னாலிருந்த அரண்மனைக் கூரையோடு ஒட்டிக்கொண்டது. பதறிப்போய், செய்ததை மீட்கும் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நிகழவில்லை. ஆறு முறை அழுத்தினார். நிதானமாக யோசித்த கணினி, ஆறையும் ஒரே மூச்சில் நிறைவேற்றியது. மீசை பிரிந்தது, கூடவே இளவரசியின் தலையும் போயிற்று.

அவர் தலையில் கைவைத்து அமர்ந்திருக்கையில், இளவரசியின் தலை தானாகவே திரும்பி வந்தது. அதை அவர் ஆராயவில்லை. தலை வந்தால் சரி.

அடுத்து, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பைப் பார்த்தார். அது இருபதில் இருந்தது. அந்த அளவு கூடக்கூடக் கோடு தாமதிக்கும் என்பது இத்தொழிலில் உள்ள அனைவரும் அறிந்ததே. சுழியத்துக்கு இறக்கினார். அது இருபதுக்கு ஏறியது. மீண்டும் இறக்கினார், மீண்டும் ஏறியது.

"நான் இறக்குறேன், இது ஏத்துது!"

"மூணு நாளா திட்டு வாங்குதுல்ல, கோவம் வந்திருக்கும். கொஞ்சம் நயமாப் பேசிப் பாருங்க."

"நீ சும்மா இரு."

பின்னணி அரண்மனைகளை வரைந்து தரும் உதவியாளர் ஓக்-பின், தேஜொன் நகரில் தம் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்; பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். இருவர் கோடும் ஒன்றுபோல் அமைய வேண்டும் என்பதற்காக, முகப்புப் படம் முதல் தூரிகை வரிசை வரை அவருடைய கணினியையும் தம்முடையதைப் போலவே தோ-சிக் அமைத்துத் தந்திருந்தார். அவரிடம் யோசனை கேட்கலாமென்று அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"வேலை நேரத்துல இந்தம்மா எங்கதான் போவாங்களோ!"

மின்பலகை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தார். தேன் தடவிய குரல் ஒன்று வந்தது.

"கேபிளை மாத்திப் பாத்தீங்களா சார்?"

"மாத்தியாச்சும்மா."

"பலகையை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு மறுபடி போட்டீங்களா சார்?"

அதையும் செய்தார். அதன்பின் அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் கோடு ஒரே தடிமனில் வந்தது. வாள்வீரர்கள் அனைவரும் வெந்த நூடுல்ஸ் திரித்துச் செய்தவர்களைப் போல நின்றனர்.

"ஒருதடவை அணைச்சுப் போடுங்களேன்" என்றார் கியோங்-நான்.

திரையிலிருந்த பட்டியலைத் திறந்து, அணைத்துத் தொடங்கும் கட்டளையைக் கொடுத்தார். திரை இருண்டது. காத்திருக்கச் சொல்லும் வட்டம் சுற்றத் தொடங்கியது. ஒரு மணி நேரம் சுற்றியது. தோ-சிக்கும் அறைக்குள் அதே வட்டத்தில் சுற்றினார்.

இரண்டே கால் மணிக்குத் திரை உயிர்பெற்றது. எழுதுகோலை அவர் எடுக்குமுன்பே அம்புக்குறி நகர்ந்தது, ஒரு கோப்பைத் திறந்தது, மூடியது. அவர் இரு கைகளையும் உயர்த்தினார்.

"நான் தொடவே இல்ல. பாத்தியா?"

"பாத்தேன். உங்களைவிட வேகமா வேலை பாக்குது."

தோ-சிக் வெற்றுத் தாள் ஒன்றைத் திரையில் திறந்து, 'யார் நீ?' என்று எழுதினார். எழுத்துகள் வழக்கம்போல் ஆடி அசைந்து வந்து சேர்ந்தன. சற்று நேரத்தில் அவற்றின் கீழே, கோணல்மாணலாக, இன்னொரு வரி முளைத்தது: 'நீ யார்?'

கியோங்-நான் கதவருகே நகர்ந்தார். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

அப்போது தொலைபேசி ஒலித்தது. ஓக்-பின்னின் எண். பேசியதோ ஓர் ஆண்.

"சார், நான் தேஜொன்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன். இப்ப உங்க பேனா கையிலயா இருக்கு?"

"ஆமா! நீதான் அந்தத் திருடனா?"

"கொஞ்சம் கீழ வைங்க சார். நீங்க கெடுத்ததையெல்லாம் ஓக்-பின் அம்மா ஒண்ணொண்ணாத் திருத்திட்டாங்க. மிச்சமிருக்கிற ரெண்டு கட்டத்தையும் இப்பவே முடிச்சு, மூணு மணிக்குள்ள அனுப்பிடுறாங்களாம். நீங்க கையை மட்டும் எடுத்தாப் போதும்."

"நான் ஏன்யா கையை எடுக்கணும்? என் கம்ப்யூட்டருக்குள்ள உனக்கு என்ன வேலை?"

"உங்க கம்ப்யூட்டர் உங்க மேசையில மூணு நாளா சும்மாதான் உக்காந்திருக்கு சார். திங்கக்கிழமை ஏதோ கூரையைத் திருத்தணும்னு இன்டர்நெட் வழியா இந்தம்மா கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சீங்களாமே, அங்கேருந்து நீங்க இன்னும் வெளிய வரவே இல்ல; திரையோட மேல் விளிம்பைப் பாருங்க, இவங்க பேருதான் இருக்கும். கம்ப்யூட்டர் தானா அணைஞ்சதும் இவங்க பேய்னு பயந்து, ரெண்டு கையால தூக்கிக்கிட்டு இங்க ஓடி வந்திருக்காங்க!"

வாசகரே, இந்தப் பக்கத்தைக் கீழே வையுங்கள். எழுந்துபோய், உங்கள் திரையின் மேல் விளிம்பில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். பார்த்த பிறகு எழுதுகோலை ஏசுங்கள்.