என் நாக்கும் ரூத்தின் ஈஸ்ட்டும்

கூடுவாஞ்சேரி

அணுபுரம் மச்சான் ஜோயல் அவர்களுக்கு, பூபாலன் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் நானும் உங்கள் தங்கை மார்கரெட்டும் நலம். என் நாக்கு மட்டும் நலமில்லை. உங்கள் வீட்டில் எல்லோருடைய நாக்கும் நலமா?

கொஞ்ச நாளாகவே என் நாக்கு முழுக்க வெள்ளை, மச்சான். சர்க்கரைக்காரர்களுக்கு வரும் ஈஸ்ட் பூஞ்சைதான் என்று மருந்துக்கடையில் மாத்திரை கொடுத்தார்கள். போட்டேன், குறைந்தது, நிறுத்தினேன், திரும்ப வந்தது, மறுபடி போட்டேன், இந்தத் தடவை அசையவே இல்லை, மீன் குழம்பு பட்டால் தீயாய் எரிகிறது, தயிர்சாதமே கதி என்று கிடந்தேன். ஆராய்ச்சி என்று தினமும் ரயிலேறிப் போகிறாளே என் மகள், உங்கள் மருமகள் ரூத், அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னவோ புதையல் கிடைத்த மாதிரி சிரித்தாள். பஞ்சுக்குச்சியால் சுரண்டி லேபுக்கு எடுத்துப் போனாள்.

போனவள் குதித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, உன் ஈஸ்ட்டு செம ஈஸ்ட்டுபா! மாத்திரை உள்ள பூந்தா உடனே பம்பு வச்சி வெளிய தள்ளிகினு கீது. மரபணுல ஒரே ஒரு எழுத்து மாறிகீது, அதான் பம்பு நிக்காம ஓடுது!"

"எனுக்கு இன்னாமா வழி?"

"இரு, மொதல்ல அத மைக்ராஸ்கோப்புல வச்சி போட்டோ எடுக்கணும்."

அந்த போட்டோதான் குடியைக் கெடுத்தது. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், பையன் வங்கியில் வேலை. பையனின் அம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னாமா படிக்கிறே என்று கேட்டார். இவள் உடனே செல்போனில் அந்த போட்டோவை நீட்டிவிட்டாள்.

"அட, மல்லிப்பூச் சரம் மாதிரியே கீதே?"

"இல்ல ஆன்ட்டி, அது எங்கப்பா நாக்குல இருந்த காளான். உருண்டையா இருந்தா சாது. ஒடம்பு சூட்டுல இப்டி நூலா நீண்டுச்சின்னா சதைக்குள்ள பூந்துடும்."

கேசரி தட்டுக்குத் திரும்பிவிட்டது. காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். மார்கரெட் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஏதோ நாக்கில் அதை நான் வேண்டுமென்றே வளர்த்த மாதிரி.

ரூத்தின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் வேறு மருந்து கொடுத்தார், அது உண்மை. நேற்று வஞ்சிரம் சாப்பிட்டேன், அதுவும் உண்மை. ஆனாலும் லேபில் என்னை யாரும் ரூத் அப்பா என்பதில்லை, "ஓ, அந்த ஈஸ்ட்டு நீங்கதானா சார்?" என்கிறார்கள். களைத்துப்போனேன் மச்சான். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரமெல்லாம் பழக்கம். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, இதை விட்டுவிட்டு வங்கித் தேர்வு எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் நல்ல பசியோடும் ருசியோடும் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
பூபாலன்

பி.கு.: ஞாயிறு இங்கே வரவேண்டாம். மாமல்லபுரத்தில் ஏதோ மாநாடாம், நம்ம ரூத் மேடையேறி என் ஈஸ்ட்டைப் பற்றிப் பேசுகிறாளாம். முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டேன். நீங்களும் குடும்பத்தோடு நேராக அங்கே வந்துவிடுங்கள். புத்திமதியை மட்டும் அணுபுரத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.