பேலியோவும் பழவாசனையும்

ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் ஒரே மனிதர், விழுப்புரம் ஜில்லாவிலேயே எங்கள் திண்டிவனம் ஆபீஸ் பேலியோதான். அழுகத் தொடங்கிய பழத்தோடு நகப்பாலிஷ் அழிக்கிற மருந்தைக் கலந்த மாதிரி ஒரு வாசனை. பூட்டிக் கிடக்கிற ரெக்கார்டு ரூமிலிருந்து ஒருநாள் அது வீசியது. டைப்பிஸ்ட் மல்லிகா, "உள்ள ஒரு பொம்பள நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கினு உக்காந்துகினு இருக்குதுங்க!" என்று அலறி, கதவில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாள். பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தால், பேலியோ! நாங்கள் பங்கு கேட்போம் என்று பயந்து, இருட்டில் வெண்ணெய்க் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சோறு, இட்லி, சர்க்கரை எதையும் தொடமாட்டார். வெண்ணெய், முட்டை, கறி மட்டும்தான்; அந்த பேலியோ டயட்டே ஆபீசில் அவருக்குப் பேராகிவிட்டது. கேட்டால் பாடம் நடத்துவார்.

"சோறு உள்ள போகலன்னா கல்லீரல் சும்மா இருக்குமா? கொழுப்ப உருக்கி கீட்டோன் பண்ணிக்கினு இருக்குது. மூளையே அதுலதான் ஓடுது. அதுல கொஞ்சம் மூச்சுல வெளிய வருது, அதான் இந்த வாசனை."

சொல்லிவிட்டு உள்ளங்கையில் ஊதி, தானே மோந்து பூரித்துப்போவார். சரியான பேஜாரு!

பங்குனி உத்திரத்துக்கு அவரை மயிலம் அழைத்துப் போனேன். என் அத்தை மகன் குமார் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசியில் வாழ்கிறவன் அவன் என்று வழியிலேயே பேலியோவிடம் சொல்லியிருந்தேன்.

மலையடிவாரத்தில் அவனைச் சுற்றிக் கூட்டம். பம்பை நின்றுபோயிருந்தது. குமார் தரையில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்க, ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கூப்பிட்டால், வேறு யாரோ உள்ளேயிருந்து முனகுவதுபோல் ஒரு சத்தம். அவனைச் சுற்றிலும் பழவாசனை. பக்கத்தில் எங்கும் பழம் இல்லை.

"முருகன் எறங்கிட்டாரு! பஞ்சாமிர்த வாசன வருது பாரு!" என்று ஒருவர் அவன் காலில் விழுந்தார். இன்னொருவர், "எம் பொண்ணுக்கு எப்ப சாமி கல்யாணம்?" என்று குறி கேட்டார்.

பேலியோ குனிந்து குமாரின் மூச்சை மோந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்சுலின் போட்டானாம்மா?"

"வேலு குத்தப்போற ஒடம்புல வேற ஊசி குத்தலாமாங்க? முந்தாநாளே நிறுத்திட்டான்" என்றாள் அத்தை, பெருமையாக.

"ஐயையோ! என்னுது வேற, இது வேறம்மா! எனக்கு ஒடம்புலயே இன்சுலின் சுரக்குது, கீட்டோன் அளவோட நிக்குது. இவனுக்குப் புடிச்சி நிறுத்த ஒண்ணுமே இல்ல. ரத்தம் அமிலமா ஆயிக்கினு இருக்குது. ஜல்தி தூக்குங்க, புள்ள செத்துருவான்!"

"சாமிய தொடாதடா!" என்று கூட்டம் கத்தியது. பேலியோவின் முதுகில் அடி விழுந்தது. மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. குமாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினார். நானும் அத்தையும் அழுதுகொண்டே பின்னால் ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் சலைனும் இன்சுலினும் ஏற ஏற, அந்த மூச்சு மெல்ல அடங்கியது. மறுநாள் குமார் எங்களைப் பார்த்து, "பசிக்குதும்மா" என்றான். அந்த வெண்ணெய்த்தின்னியைக் கட்டிக்கொண்டு நான் ஓவென்று அழுதேன்.

பேலியோ மாற்றலாகிப் போய்விட்டார். சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்று சிலருக்கு இன்னும் அவர்மேல் கோபம்தான். அத்தை மட்டும் கிருத்திகை தவறாமல் மலையேறுகிறாள். போன மாதம் நானும் கூடப் போனேன்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் அர்ச்சகர்.

"பேலியோ."

அர்ச்சகர் ஒருமுறை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. எம் புள்ள நட்சத்திரத்தையே சொல்லிடுங்க."