முன்வரிசையில் என் கட்டைவிரல்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. இங்கே உடம்பைப் பொறுத்தவரை அனைவரும் நலம். உன் நலமும், உன் முழங்காலின் நலமும், உங்கள் பேண்டு செட்டின் நலமும் அறிய ஆவலாயிருக்கிறேன். இரண்டு வருடமாகக் கடிதம் போடாதவன் திடீரென்று இத்தனை நலம் விசாரிக்கிறானே என்று நீ சந்தேகப்பட்டால் அது நியாயம்தான். காரியம் இருக்கிறது. வருகிற ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, நானூறு பேர் முன்னால், நான் சங்கீதத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்குச் சங்கீதம் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அந்த நானூறு பேருக்கு அது தெரியாது.

வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, என் பழைய உத்தியோகம். பொது அரங்குகளில் மின்சாரப் பாதுகாப்பைச் சோதிக்கும் அலுவலனாக முப்பத்தொரு வருடம் இருந்தேன் அல்லவா? ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. எந்த அரங்கில் நுழைந்தாலும் கண் தானாகக் கூரைக்குப் போய்விடுகிறது. எரியாத விளக்குகளைக் கட்டைவிரலால் விரல் கணுக்களில் எண்ணுகிறேன். நான்கு விரலும் தீர்ந்து பன்னிரண்டு ஆனதும் தொடையில் ஒரு தட்டு. யாருக்கும் தொந்தரவில்லாத பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் என் சம்பந்தியம்மாள் (அவர்கள் இங்குள்ள இசைச் சங்கத்தின் தலைவி) ஒரு கச்சேரிக்கு எனக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தனுப்பினார்கள். கடைசி வரிசை. அங்கே அவர்கள் வீட்டு டிரைவர், சமையற்காரம்மாள், அடுத்து என் மகள். கல்யாணமாகி இரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் இடம். "முன்னாடி உக்காரணும்னா கொஞ்சம் ஞானம் வேணும்மா, போகப் போக வரும்" என்று மாமியார் சொல்லிவிட்டார்களாம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தலையைத் தூக்கி விளக்குகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். என்னை உனக்குத் தெரியும்.

பாட்டு நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தியம்மாள் டிரைவரைத் தேடித் திரும்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்துவிட்டார்கள். கண் மேலே, கட்டைவிரல் கணுவில், தொடையில் தட்டு. அந்த அரங்கில் எரியாத விளக்குகள் நாற்பத்தொன்று (நாற்பத்திரண்டாகவும் இருக்கலாம், ஒன்று விட்டுவிட்டு எரிந்தது, அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இன்றுவரை குழப்பம்), ஆகவே மூன்று முறை தட்டியிருக்கிறேன். இடைவேளையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "பாருங்களேன், இத்தனை நாள் நமக்குத் தெரியாமப் போச்சு! தாளத்தையே விரலுக்குள்ள அடக்கி வெச்சுக்கிட்டு மனுஷர் கடைசி வரிசைல உக்காந்திருக்கார்!" நீதிபதி என்னிடம், "எப்படி சார் இருந்தது இன்னிக்கு?" என்றார். நீதிபதி கேட்டால் எனக்கு என் பெயரே மறந்துவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "சொல்ல வார்த்தையே இல்லைங்கறார்" என்று அவரே எனக்காகத் தீர்ப்பும் எழுதிவிட்டார். மணி அடிப்பதற்குள் நான் முன்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் என் மகள். "ரத்தத்துலயே இருந்திருக்கு பாரு" என்று மாமியார் அவள் கன்னத்தைத் தட்டினார்கள். அந்த ஒரு தட்டுக்காகத்தான் நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லாமல் விட்டேன்.

முன்வரிசை மிகவும் அபாயமான இடம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அங்கிருந்தால் மேடைக் கூரை முழுவதும் தெரிகிறது. போன மாதம் பாடகரின் தலைக்கு நேர் மேலே தொங்கிய விளக்கின் ஒயரிலிருந்து பொறி தெறித்தது. நான் எழுந்துவிட்டேன். இரண்டு கையையும் கூப்பி, "போதுங்க, போதும், எழுந்து வந்துடுங்க" என்று மன்றாடினேன். பயத்தில் குரல் வெளியே வரவில்லை, கண்ணீர் மட்டும் வந்தது. பாடகர் என்னைப் பார்த்தார், நெகிழ்ந்தார், அதே வரியை இன்னும் நான்கு முறை பாடினார். ஒவ்வொரு முறையும் பொறி தெறித்தது, ஒவ்வொரு முறையும் நான் கும்பிட்டேன். முடிந்ததும் நீதிபதி, "அந்த எடத்துல எழுந்து நிக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதுக்குப் பேர்தான் ரசனை" என்றார். அடுத்த கச்சேரியில் அந்தப் பாட்டு வந்தபோது முன்வரிசை முழுவதும் எழுந்து நின்றது. நகைக்கடைக்காரர் ஒருவர் அவசரப்பட்டு இரண்டு வரி முன்னதாகவே எழுந்துவிட்டு அவமானத்தில் சிவந்துபோனார். ஒயரைப் பற்றி மறுநாளே அரங்கின் எலக்ட்ரீஷியனிடம் ரகசியமாகச் சொல்லிச் சரிசெய்துவிட்டேன். அவன், "பாட்டுக்கு நடுவுல இதையெல்லாமா சார் பாக்கறீங்க?" என்று ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு எனக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

இப்போது ஆண்டு விழாவில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: 'ரசிப்பது எப்படி'. மறுத்தேன். "அடக்கத்தப் பாருங்க!" என்றார்கள். கெஞ்சினேன். அழைப்பிதழே அச்சாகிவிட்டது. நான் மாட்டிக்கொண்டால் எனக்கென்ன, என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். என் மகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இப்போது அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவளிடம் அபிப்பிராயம் கேட்கிறார்களாம். விருந்தாளிகளுக்கு அவளை அறிமுகம் செய்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வார்த்தை தவறாக உளறினால், அன்றைக்கே அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா ஏமாற்றுக்காரர் என்ற பெயரும் சேரும். உன் அக்காள் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் ஆரம்பத்திலேயே தீர்ந்திருக்கும். கச்சேரிக்குப் போகாதீங்க என்று அவள் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள்.

ஆகையால், மாப்பிள்ளை, ஊர்வலத்துக்கும் கடைத் திறப்புக்கும் நாற்பது வருடம் டிரம் அடித்த உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பத்து நிமிடத்துக்கு ஏதாவது எழுதி அனுப்பு. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. மகள் கல்யாணத்தன்று 'பேண்டு உடுப்பில் வராதே' என்று உனக்குச் சொல்லி அனுப்பியவன் நான்தான். நீ யாரிடமோ ஒரு கோட்டு இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போனாய். சம்பந்தி வீட்டார் 'அவர் யார்?' என்றபோது 'தூரத்து உறவு' என்றேன். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு முகம் சுடுகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை நீங்கள் வங்கிக் கட்டடத்து வாசலில் வாசித்தபோது, நான் எதிர்ச்சாரியில் தூணுக்குப் பின்னால் நின்று கடைசிவரை கேட்டேன். அன்று நான் எதையும் எண்ணவில்லை. உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். கூடவே அலுவலக மேலதிகாரி இருந்தார்.

உன் கைகள் இரண்டும் நீண்டநாள் ஓயாமல் இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. பதிலைத் தாமதிக்காதே.

இப்படிக்கு,
அவசரத்துடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குச் சட்டை கொண்டுவந்தாளாம். கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். "ஏம்பா, உங்களை யாரு எனக்காகப் பயப்படச் சொன்னது?" என்றாள். "பின்னாடி நாங்க பாட்டு கேட்டோம்பா. நல்லாயிருந்தா சமையலக்கா அழுவாங்க, நல்லாயில்லேன்னா டிரைவர் அண்ணன் குறட்டை விடுவாரு. முன்னாடி வந்ததுலேருந்து ஒரு பாட்டு காதுல விழல. அத்தை தலையாட்டுனா ஆட்டணும், நிறுத்துனா நிறுத்தணும். கழுத்தே போச்சு! தயவுசெஞ்சு ஞாயித்துக்கிழமை மானம் போற மாதிரி ஏதாவது உளறுங்க. என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க." ஆகவே மேலே கேட்டது வேண்டாம். சங்கீதத்தைப் பற்றி ஒரு மனிதன் பேசக்கூடிய மிக மோசமான பத்து நிமிடத்தை எழுதி அவசரத் தபாலில் அனுப்பு. தயவுசெய்து கவனமாக எழுது. அதையும் கேட்டு நெகிழ்ந்துபோய் அவளைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள் என்றால், நான் என் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?