ஒத்த இன்ஜினும் என் பெட்டியும்

கெட்டது நடக்கும் என்று இவ்வளவு நிம்மதியாக நம்பிய மனிதனைத் திருவொற்றியூர் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் மாடி வீட்டுக்காரன். தெருவே அவனை 'ஒத்த இன்ஜின்' என்றுதான் கூப்பிடும்.

விமானக் கம்பெனியில் வேலை. மலைகளுக்கு நடுவே, பகலில் மட்டும் விமானம் போய்வருகிற ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும்போது ஓர் இன்ஜின் நின்றுவிட்டால், மற்றதை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளத்தாக்கில் திரும்புவது, அதற்கு எவ்வளவு எடை ஏற்றலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுப்பான். எங்கள் பக்கம் மலை என்றால் கொடுங்கையூர் குப்பைமேடுதான்.

வேலையை ஆபீசோடு விட்டால் பரவாயில்லை. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். மேம்பாலத்துக்கு முன்னால் தோளைத் தட்டினான்.

"லோடு ஜாஸ்தி மாமு. ரெண்டு தேங்காய டீக்கடையில எறக்கு. அப்பால வந்து எட்த்துக்கலாம்."

"ஏண்டா?"

"நடுப் பாலத்துல இன்ஜின் நின்னா?"

"ஸ்கூட்டருக்கு இருக்கிறதே ஒரு இன்ஜின்தானடா."

"அதான் எனக்கு பேஜாரா கீது."

தேங்காய் இறங்கியது.

போன கோடையில் நான், மனைவி, மகள் மூவரும் லடாக் போக டிக்கெட் எடுத்தோம். மூவருக்குமே முதல் விமானம். மனைவிக்கு உதறல். நேராக அவனிடமே போய்க் கேட்டாள்.

"தம்பி, ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவும்னு வச்சுதான் அண்ணி கணக்கே போட்றோம். பகல்ல கெளம்பும், மலை கண்ணுக்குத் தெரியும். நின்னா எந்தப் பக்கம் திரும்பணும்னு எழுதிக் குட்த்துகீறேன்."

அதற்கப்புறம் எனக்கும் உதறல்.

போகும்போது நல்லபடியாகப் போனோம். திரும்பும் நாளில் விமானம் தாமதம்; வெயில் ஏறிவிட்டது. சென்னையில் இறங்கினால் என் பெட்டியைக் காணோம். எடை அதிகமென்று லடாக்கிலேயே இறக்கிவிட்டார்களாம், நாளை வருமாம்.

"வூட்டு சாவி அதுலதான் கீது," என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் மாடிக்குப் போனோம். ஒத்த இன்ஜின் டீ போட்டுக் கொடுத்தான். நான் பொரிந்து தள்ளினேன்.

"எந்தக் கலீஜு என் பொட்டிய எறக்குச்சோ."

"நான்தான்," என்றான்.

டீயை ஆற்றியபடியே சொன்னான்: "வெயில் ஏறுனா இன்ஜினுக்கு இழுக்குற சக்தி கொறையும். கணக்குப்படி கொஞ்சம் பொட்டி எறக்குனா போதும். மூணு பேரும் அதுல வர்றீங்க. மனசு கேக்கல. ஆபீசுலேர்ந்தே போனப் போட்டு இன்னும் கொஞ்சம் எறக்கச் சொன்னேன். அதுல உன்னுதும் போயிட்ச்சு."

மனைவி அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அவளே ஆற்றிக் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் மேம்பாலம் வந்தால், அவன் தோளைத் தட்டுவதற்கு முன்பே நான் தேங்காயை இறக்கிவிடுகிறேன். பின்னால் அவன் உட்கார்ந்திருக்கிறானே.